18–22 வயதுப் பெண்களுக்கு மார்பகச் சுயபரிசோதனை: "தெரியும், ஆனா செய்யறதில்ல" என்பவர்களிடம் என்ன சொல்வது?

பாடக்குறிப்பு எழுதியது:

18 முதல் 22 வயது வரை உள்ள மாணவிகள் 40 பேருக்கு மார்பகச் சுயபரிசோதனை பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு பழைய துண்டுப்பிரசுரமும், வகுப்புக்கு முன்னும் பின்னும் நிரப்ப ஒரு கேள்வித்தாளும்தான். பிரசுரத்தில் இருப்பது இவ்வளவே: "மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்தபின், மார்பகத்தை வட்ட வடிவில் தடவிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்."

இந்த வயதில் முன்-கேள்வித்தாளை எங்கே கொடுத்தாலும் ஒரே அச்சில்தான் பதில் வருகிறது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆமாம். அவசியமா? ஆமாம். செய்கிறீர்களா? இல்லை. காரணம் எழுதச் சொன்னால்:

"எனக்கென்ன அவ்ளோ வயசா ஆயிடுச்சு"
"எங்க வீட்ல யாருக்கும் இல்ல"
"தொட்டா எல்லாமே கட்டி மாதிரிதான் இருக்கு"
"கூச்சம்"
"ஏதாவது இருந்து தொலைச்சா என்ன பண்றது, தெரியாமலே இருக்கட்டும்"
"மறந்துடுவேன்"

கேள்விகள் மூன்று. சில பெரிய அமைப்புகள் சுயபரிசோதனையைக் கைவிட்டுவிட்டன என்கிறார்களே, அப்படியானால் இதைக் கற்றுத்தருவதே சரியா? மேலே உள்ள காரணங்களில் எதை எப்படிக் கையாள்வது? வகுப்பு பயன்பட்டதா என்று எப்படி அளப்பது? பின்-கேள்வித்தாளில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அறுவை_மேசை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் பாதி தெளிந்துவிடும்.

இதில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் இரண்டு. ஒன்று ரஷ்யாவில், இன்னொன்று ஷாங்காய் நெசவாலைகளில் வேலை செய்த பெண்களிடம். ஷாங்காயில் மட்டும் 2,66,064 பேர். அதில் பாதிப் பேருக்கு முறையாகக் கற்றுத்தந்தார்கள். சும்மா பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பவில்லை. செயற்கை மார்பக மாதிரியில் பழக்கினார்கள், அவ்வப்போது கூட்டி வைத்து மேற்பார்வையில் செய்ய வைத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கற்ற குழுவில் 135, கற்காத குழுவில் 131. அடுத்த வருடம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து, 3,88,535 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். இறப்பில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வந்தது பயாப்சியில் (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பதில்): "புற்றுநோய் இல்லை" என்று முடிந்த பயாப்சிகள் கற்றவர்களிடம் 3,406, மற்றவர்களிடம் 1,856. அதாவது கிட்டத்தட்ட இரு மடங்கு பயாப்சி தேவையில்லாமல் நடந்து, அந்தப் பெண்கள் முடிவு வரும்வரை தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

இதை வைத்துத்தான் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2009-ல் "கற்றுத்தர வேண்டாம்" என்றது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2003-ல் "விருப்பமிருந்தால் செய்யலாம்" என்று இறங்கி வந்து, 2015-ல் சராசரி ஆபத்துள்ள பெண்களுக்கான பரிந்துரையிலிருந்தே எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதை விழிப்புணர்வு வளர்க்கும் வழியாக மட்டும் பார்க்கிறது, நோயைச் சலித்தெடுக்கும் சோதனையாக அல்ல.

ஆகவே உங்கள் பிரசுரத்தின் இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். மாதாமாதம் தடவிப் பார்ப்பவர் அதனாலேயே பிழைத்துக்கொள்வார் என்று காட்ட நம்மிடம் ஆதாரம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் 30 வயதைத் தாண்டியவர்கள். உங்கள் மாணவிகளின் வயதில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) போன்ற, நோயைச் சலித்தெடுக்கும் எந்தச் சோதனையும் கிடையாது. இந்த வயதில் மார்பகத்தில் ஒரு மாற்றம் வந்தால் அதைப் பார்க்கப்போகிற முதல் ஆள் அவள்தான். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ கையில் தட்டுப்படும். அது எப்போதும் இருப்பதா, புதிதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். புதிது என்றால் யாரிடம் போவது என்று தெரிய வேண்டும். இதைத்தான் இப்போது மார்பக அறிதல் என்கிறார்கள்: தேதி, சடங்கு எதுவும் இல்லாமல், தன் உடம்பின் வழக்கம் என்ன என்று தெரிந்து வைத்திருப்பது.

"எனக்கென்ன அவ்ளோ வயசா ஆயிடுச்சு" என்பவளோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவள் சொல்வது சரி. இருபதுகளில் மார்பகப் புற்றுநோய் அரிது. இந்த வயதுக் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டிகள், இல்லையென்றால் மாதவிடாயை ஒட்டி வரும் திரட்சி. ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கையில் ஒன்று தட்டுப்பட்ட பிறகும் அதே வாக்கியத்தை அவளும் சொல்லி, வீட்டிலும் சொல்லி, சில நேரம் பார்க்கும் மருத்துவரும் தொடாமலே சொல்லிவிடுகிறார். இளவயதில் தாமதம் இப்படித்தான் வருகிறது. எனவே "உனக்கும் வரும்" என்று பயமுறுத்துவதைவிட, "வயசு ஒரு காரணமே இல்லை என்று எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிக்கொடுப்பது உருப்படியான வேலை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

அந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது மூணாவதுதான். "தொட்டா எல்லாமே கட்டி மாதிரிதான் இருக்கு." இதை மனோபாவம்னு கேள்வித்தாள்ல எழுதிடுறாங்க, ஆனா இது கைப்பழக்கம். ஒரு தடவை தொட்டுப் பார்த்து, கொழகொழன்னும் முடிச்சு முடிச்சாவும் இருக்கறதைப் பார்த்துப் பயந்து, அதோட விட்டுடறாங்க. சோம்பேறித்தனம்னு நாம முடிவு கட்டிடறோம்.

இருபது வயசு மார்பகத்துல கொழுப்பைவிடச் சுரப்பித் திசுதான் அதிகம். அதனால அது சமமா இருக்காது. முதல்ல "எது கட்டி இல்ல"ன்னு சொல்லிக்கொடுங்க:

கீழ் மடிப்பு ஓரத்துல பிறை மாதிரி ஒரு கெட்டியான வரம்பு. ரெண்டு பக்கமும் இருக்கும். இயல்பு.

அழுத்தினா அடியில கெட்டியா, வரிசையாத் தட்டுப்படறது விலா எலும்பு. விரலை விலா நெடுகப் பக்கவாட்டுல நகர்த்துங்க. முடியாம நீண்டுட்டே போனா அது எலும்பு.

மேல்பக்கம், அக்குளை ஒட்டின பகுதி மத்த இடத்தைவிடத் திரட்சியா இருக்கும். திசு அங்கதான் அதிகம், ஒரு வால் மாதிரி அக்குளுக்குள்ளயும் போகும். பிரசுரத்துல இருக்கற "வட்ட வடிவில்" இந்த வாலை அப்படியே விட்டுடும். கட்டிகள் அதிகம் வர்ற இடமும் அதே மேல்-வெளிப் பகுதிதான்.

ஒரு பக்கம் கொஞ்சம் பெருசா இருக்கறது, சின்ன வயசுலேருந்தே காம்பு உள்ள இழுத்த மாதிரி இருக்கறது, காம்பைச் சுத்தி சின்னச் சின்னப் புள்ளி இருக்கறது, எல்லாம் இயல்பு. புதுசா மாறினா மட்டும்தான் கணக்கு.

நல்ல சோதனை ஒண்ணு: ஒரு இடம் சந்தேகமா இருந்தா, கண்ணாடில பிம்பம் பார்க்கற மாதிரி அடுத்த மார்பகத்துல அதே இடத்தைத் தொட்டுப் பாருங்க. அங்கயும் அப்படியே இருந்தா பெரும்பாலும் அது உங்க அமைப்பு.

கெட்டித்தன்மையை வார்த்தையால விளக்க முடியாது. உதட்டைத் தொடச் சொல்லுங்க, அது மிருது. மூக்கு நுனி, அது ரப்பர் மாதிரி. நெத்தி, அது கல். ஃபைப்ரோஅடினோமா பெரும்பாலும் மூக்கு நுனிதான், விரலுக்கு அடியில கோலிக்குண்டு மாதிரி வழுக்கி ஓடும். நெத்தி மாதிரி கெட்டியா, ஓரம் சரியாப் பிடிபடாம, நகராம ஒட்டிட்டு இருந்தா அதை யாரும் ஒத்திப்போடக் கூடாது. ஆனா வழுக்கி ஓடுதுங்கறதுக்காகக் காட்டாம விடவும் கூடாது. விரல் ஒரு ஊகம்தான் சொல்லும்.

இப்போ செய்யற முறை. எந்தப் பக்கம் பார்க்கறோமோ அந்தப் பக்கத் தோளுக்கு அடியில மடிச்ச துண்டு ஒண்ணு வெச்சு மல்லாந்து படுக்கணும், அந்தக் கை தலைக்கு மேல. படுத்தாத்தான் மார்பகம் நெஞ்சுக் கூட்டு மேல தட்டையாப் பரவும். நின்னுட்டே பார்த்தா கீழ்ப்பாதி மடிஞ்சு கிடக்கும், அடியில இருக்கறது கைக்கே வராது. எதிர்க்கையோட நடு மூணு விரல். நுனி கிடையாது, ரேகை இருக்கற சதைப்பகுதி. நகம் வளர்த்திருக்கறவங்க தன்னையறியாம விரலை மடக்கித் தோண்டுவாங்க, அப்போ எல்லாமே முடிச்சாத்தான் தெரியும்.

ஒவ்வொரு இடத்துலயும் சின்ன நாணயம் அளவு வட்டம், மூணு தடவை, மூணு அழுத்தம். முதல் அழுத்தத்துல தோல் மட்டும் நகரணும். ரெண்டாவதுல சதை நடுவுக்குப் போகணும். மூணாவதுல விலா தெரியணும். இதை முதல்ல முழங்கைக்குக் கீழ உள்பக்கம் அழுத்திப் பழகச் சொல்லுங்க: தோல், சதை, எலும்பு மூணும் அங்கயே புரிஞ்சிடும், உடை கலைக்க வேண்டியதும் இல்ல. அப்புறம் விரலை எடுக்காம அடுத்த இடத்துக்குச் சறுக்கணும். தூக்கித் தூக்கி வெச்சா நடுவுல இடம் விட்டுப்போகும்.

பாதை மேல கீழன்னு பட்டை பட்டையா, வயலை உழற மாதிரி. அக்குள் நடுக்கோட்டுலேருந்து நடு நெஞ்செலும்பு வரைக்கும். காறை எலும்புலேருந்து கீழ் மடிப்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். கடைசியா அக்குள். அக்குளுக்குக் கையைத் தலைக்கு மேல வெச்சா தசை விறைச்சுக்கும், கையைப் பாதி இறக்கித் தளர்த்திட்டுப் பாருங்க. புதுசாச் செய்யறவங்களுக்கு ஒரு பக்கத்துக்கு அஞ்சு நிமிஷமாவது ஆகும். ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பக்கமும் முடிஞ்சிடுச்சுன்னா மூணு அழுத்தம் நடக்கல.

கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம்: கை ரெண்டும் தொங்க, அப்புறம் மேல தூக்கி, அப்புறம் இடுப்புல ஊனி அழுத்தி. இடுப்புல அழுத்தும்போது நெஞ்சுத் தசை இறுகும். உள்ள எதாவது தோலைப் பிடிச்சு இழுத்தா அப்போதான் குழி விழும். சும்மா நின்னா தெரியாது.

எப்போன்னா, மாதவிடாய் தொடங்கின நாளை ஒண்ணுன்னு எண்ணி 7-லேருந்து 10-ம் நாளுக்குள்ள. மாதவிடாய்க்கு முந்தின வாரம் வீக்கமும் வலியும் இருக்கும், அப்போ பார்த்துட்டுத்தான் நிறைய பேர் அலறுறாங்க. சுழற்சி ஒழுங்கில்லாதவங்க ஒரு தேதியைப் பிடிச்சுக்கலாம்.

செய்யக் கூடாதது ரெண்டு. காம்பைப் பிழிஞ்சு பார்க்கக் கூடாது: பிழிஞ்சா ரெண்டு சொட்டு நீர் வர்றது பலருக்கு இயல்பு, அதைப் பார்த்து வீணாப் பயம். தானா வர்றது, அதுவும் ஒரே பக்கம், ரத்தமாவோ தண்ணியாவோ, இதுதான் காட்ட வேண்டியது. ரெண்டாவது, தினமும் பார்க்கக் கூடாது. தினம் பார்த்தா மெதுவா வர்ற மாற்றம் பழகிப்போயிடும், அழுத்தி அழுத்தி வலியும் வந்துடும், அந்த வலியே அடுத்த பயத்துக்குக் காரணமாகும்.

ஏன்_எதற்கு எழுதியது:

முதல் பதிலில் பலன் இல்லை என்கிறார் ஒருவர், இரண்டாவது பதிலில் பட்டை பட்டையாகத் தடவச் சொல்கிறார் இன்னொருவர். மாணவிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மார்பக அறிதல்" என்று பெயரை மாற்றிவிட்டால் மட்டும் உயிர் காக்கும் என்று ஆதாரம் வந்துவிட்டதா?

அறுவை_மேசை எழுதியது:

வரவில்லை. மார்பக அறிதல் இறப்பைக் குறைக்கிறது என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அதை மறைத்துப் பாடம் நடத்துவதில் எனக்கும் உடன்பாடில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கும் விலையில் இருக்கிறது. மாதாமாதம் தவறாமல் செய் என்றால், தவறியவளுக்குக் குற்றவுணர்வு, தவறாதவளுக்கு வீண் பயாப்சி. உன் வழக்கத்தைத் தெரிந்துகொள், புதிது வந்தால் காட்டு என்றால் அந்த விலை குறைவு. சிஸ்டர் சொன்ன கைமுறையை நான் எதிர்க்கவில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் முறையாகத் தொட்டுப் பார்த்தால்தான் "என் வழக்கம்" என்பதே ஒருத்திக்கு உண்டாகும். அதன்பின் இடைவெளி விட்டுச் செய்தாலும் போதும். வகுப்பில் இதை இப்படியே சொல்லலாம், 20 வயதுப் பெண்ணுக்கு இது புரியாத விஷயமல்ல.

அளவுகோல் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், கேள்வித்தாள்தான் என் பிழைப்பு.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக் கையாளுவது செவிலியர் துறை ஆய்வாளர் விக்டோரியா சாம்பியன் 1984-ல் உருவாக்கிய அளவுகோல். உடல்நல நம்பிக்கை மாதிரி என்ற கோட்பாட்டிலிருந்து வந்தது. எனக்கு வரும் என்று நினைக்கிறேனா, வந்தால் எவ்வளவு மோசம், செய்தால் என்ன நன்மை, செய்ய என்ன தடை, என்னால் செய்ய முடியுமா என்று பிரித்துக் கேட்கும். நல்ல கருவிதான், ஆனால் 20 வயதினரிடம் அப்படியே கொடுத்தால் ஒரு கோளாறு வரும். "எனக்கு மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்" என்ற வாக்கியத்துக்கு "ஆம்" என்றால் மதிப்பெண் கூடும், கூடினால் நல்ல மனோபாவம் என்று அட்டவணையில் ஏறும். இந்த வயதில் சரியான பதிலோ "இல்லை". உண்மையைச் சொன்னவளுக்கு மதிப்பெண் குறைகிறது! அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், அல்லது "வயது கூடக் கூட வாய்ப்பு கூடும்" என்பது போன்ற அறிவுக் கேள்வியாக மாற்றுங்கள்.

பயமுறுத்தும் படங்கள் பற்றி. பயம் மட்டும் ஏறி, "என்னால் முடியும்" என்பது ஏறாவிட்டால் ஆள் விஷயத்தையே ஒதுக்கிவிடுவார். கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-ல் வகுத்த கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. "தெரியாமலே இருக்கட்டும்" என்பது அறியாமையில் வந்த பதில் இல்லை; பயம் நன்றாகவே ஏறியிருக்கிறது, வழி தெரியவில்லை. அவளிடம் இன்னும் இரண்டு பயங்கரப் படம் காட்டினால் கதவு இறுகத்தான் செய்யும்.

இப்போது தமிழில் கேட்பதில் உள்ள சிக்கல். "கூச்சம்" என்று எழுதியவளிடம் எந்தக் கூச்சம் என்று கேட்டீர்களா? வெட்கமும் கூச்சம்தான், தொட்டால் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருப்பதும் கூச்சம்தான். இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்க வைத்துவிட்டு "கலாசாரத் தடை" என்று அறிக்கை எழுதுகிறோம். "தொட்டால் உடம்பு கூசுகிறது", "என் உடம்பை நானே தொட்டுப் பார்க்க வெட்கமாக இருக்கிறது", "மருத்துவரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது" என்று மூன்றாக உடையுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு, மேலோட்டமாகத் தொடுவதுதான் கூசும், கொஞ்சம் அழுத்தி வைத்தால் அடங்கும். சோப்பு நுரையோடு செய்தால் இன்னும் சுலபம்.

அதேபோல "மார்பகம்" என்பது அச்சில் மட்டும் வாழும் சொல். பேச்சில் பல பெண்கள் "நெஞ்சு" என்றுதான் சொல்வார்கள். "நெஞ்சுல வலிக்குது" என்று மருத்துவரிடம் போனால் இ.சி.ஜி. எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் "மார்பு", "காம்பு", "அக்குள்" என்ற மூன்று சொற்களை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லப் பழகுவதற்கே போகட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மருத்துவர் முன்னால் முதன்முறையாகச் சொல்வதைவிட இங்கே சொல்வது மேல்.

அளவிடுவது: "செய்கிறீர்களா, ஆம்/இல்லை" என்பது பயனற்ற கேள்வி. "கடந்த 3 மாதத்தில் எத்தனை முறை?", "கடைசியாக எப்போது?" என்று கேளுங்கள். வகுப்பு முடிந்த அன்றே கொடுக்கும் பின்-கேள்வித்தாள் நினைவாற்றலைத்தான் அளக்கும். அதனால்தான் நூற்றுக்கு நூறு. 3 மாதம் கழித்துக் கொடுங்கள். முடிந்தால் கட்டிகள் வைத்த செயற்கை மார்பக மாதிரியில் செய்து காட்டச் சொல்லி இரண்டு எண்களைக் குறியுங்கள்: வைத்திருக்கும் கட்டிகளில் எத்தனையைக் கண்டுபிடித்தாள், இல்லாத இடத்தில் எத்தனை முறை "இருக்கு" என்றாள். இரண்டாவது எண்ணை யாரும் குறிப்பதில்லை, வீண் பயாப்சிகளின் விதை அங்கேதான் இருக்கிறது.

"மறந்துடுவேன்" ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆர்பெல், ஹாட்ஜ்கின்ஸ், ஷீரன் மூவரும் 1997-ல் இளம்பெண்களிடம் சுயபரிசோதனையையே வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. செய்யும் எண்ணம் இருந்தவர்களில், எந்த நேரத்தில் எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வரி எழுதித் தந்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் செய்ததாகச் சொன்னார்கள், 100 சதவீதம். எழுதாதவர்களில் 53 சதவீதம். அவர்களே சொன்ன கணக்குதான், இருந்தாலும் ஒரு துண்டுச்சீட்டுக்கு இது பெரிய கூலி. ஆனால் எண்ணமே இல்லாதவளிடம் சீட்டு வேலை செய்யாது.

பாடக்குறிப்பு எழுதியது:

கூச்சத்தை மூன்றாக உடைப்பது எனக்குத் தோன்றவே இல்லை, மாற்றிவிட்டேன். "ஏதாவது இருந்து தொலைச்சா" என்பவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று புரிகிறது. மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் என்ன என்பதை யாராவது எழுத முடியுமா? "எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்பதற்கும் பதில் வேண்டும்.

ஸ்கேன்_அறை எழுதியது:

முதலில் எப்போது போவது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் திரட்சியாக, தொட்டால் வலிக்கிறமாதிரி ஏதாவது தெரிந்தால் அடுத்த மாதவிடாய் முடியும்வரை பொறுக்கலாம். அதன்பின்னும் அங்கேயே இருந்தால் காட்ட வேண்டும். பொறுக்கவே கூடாதவை: கல்போன்ற, நகராத கட்டி, தோலில் குழியோ ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்போ, புதிதாக உள்ளே இழுத்த காம்பு, காம்பின் மேலேயே ஆறாத சொறி, தானாக வரும் ரத்தக் கசிவு, அக்குளில் நெறிகட்டியதுபோல் கெட்டியாக நிற்கும் கட்டி, சீழ்க்கட்டி என்று மாத்திரை கொடுத்தும் குறையாத சிவப்பு. வலி மட்டும் தனியாக இருந்தால் அது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் "வலிக்கல, அதனால ஒண்ணுமில்ல" என்பது ஆபத்தான கணக்கு. புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் வலிக்காது.

மருத்துவர் முதலில் கையால் பார்ப்பார். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம், அதில் தவறில்லை. அடுத்து 30 வயதுக்குக் கீழே என்றால் அல்ட்ராசவுண்ட்தான் முதலில். காரணம் எளிது: மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும், கட்டியும் வெள்ளை. இளவயதில் முழுவதும் வெள்ளையாக இருப்பதால் கட்டி அதில் கரைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது. கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தால் குளிர்ச்சியான ஜெல் தடவிக் கருவியை நகர்த்துவார்கள், கால் மணி நேர வேலை.

திரையில் நாங்கள் பார்ப்பது வடிவம். ஓரம் வழுவழுப்பாக, முட்டை வடிவில், தோலுக்கு இணையாகப் படுத்திருந்தால் ஃபைப்ரோஅடினோமா போலிருக்கிறது என்போம். ஓரம் முள்முள்ளாக, அகலத்தைவிட உயரம் கூடி எழுந்து நின்றால் பயாப்சி. அறிக்கையில் பை-ராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 3 என்று பார்த்துவிட்டு மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று இடிந்துபோகிறவர்கள் உண்டு. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்: அந்த 3-க்கும் நோயின் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது "பெரும்பாலும் தீங்கற்றது, 6 மாதத்தில் மறுபடி பார்ப்போம்" என்பதற்கான எண். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை.

பயாப்சி என்றால் மார்பை வெட்டுவது என்று நினைக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் துளை வழியாக ஒரு ஊசியைச் செலுத்தி நூல்போல இரண்டு மூன்று துணுக்கு எடுப்பார்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும், ஸ்டேப்ளர் மாதிரி. முன்கூட்டியே சொல்லாவிட்டால் தூக்கிப்போடும். தையல் இல்லை, அன்றே வீட்டுக்கு. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயத்தில் தள்ளிப்போடுவது தவறு. ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியானால் பெரும்பாலும் எடுக்கவே வேண்டாம். வேகமாக வளர்ந்தாலோ, 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, தொந்தரவு கொடுத்தாலோதான் எடுப்பது பற்றிப் பேசுவார்கள்.

மாணவிகள் எழுதிப் பழக ஒரு குறிப்பு: மார்பகத்தைக் கடிகார முகமாக நினைத்து "வலது, 10 மணி, காம்பிலிருந்து 3 விரல் தள்ளி. பார்த்தது மாதவிடாயின் 8-ம் நாள். அடுத்த மாதமும் அதே அளவு." இந்தச் சீட்டோடு வருகிறவளை "சின்னப் பொண்ணுதானே, ஒண்ணுமிருக்காது" என்று யாரும் தொடாமல் அனுப்ப முடியாது.

குடும்பம்: மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் வருபவை 5 முதல் 10 சதவீதம்தான். வீட்டில் யாருக்கும் இல்லை என்பது முழுக் காப்பு ஆகாது. எல்லோரும் விடுவது அப்பா வழியை. அப்பாவின் அம்மாவும் அத்தையும் கணக்கில் உண்டு. இளவயதில் வந்தவர்கள், இரண்டு மார்பகத்திலும் வந்தவர்கள், சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போகலாம். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் உறுதியானவர்களுக்கு 25 வயதிலிருந்தே மருத்துவர் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் பரிந்துரைக்கப்படுகின்றன. சிறுவயதில் நெஞ்சில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும் இதே வரிசைதான். இவர்களுக்கு மேலே பேசிய "உன் வயதில் அரிது" பொருந்தாது. வகுப்பில் கைதூக்கச் சொல்லாதீர்கள், பின்னால் தனியாகக் கேட்க ஒரு வழி வையுங்கள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

ஒரு மணி நேரத்தைப் பிரிக்கற கணக்கு சொல்றேன். 40 பேருக்கு 5 செயற்கை மார்பக மாதிரி, ஒரு மாதிரிக்கு 8 பேர், ஆளுக்கு 3 நிமிஷம், 24 நிமிஷம் அதுக்கே போயிடும். அதைக் குறைக்காதீங்க. வேணும்னா புற்றுநோய் எப்படி உருவாகுதுங்கற ஸ்லைடையெல்லாம் தூக்கிடுங்க, யாருக்கும் நினைவு இருக்கப்போறதில்ல. பேச்சுப்பழக்கம் 5, "எது கட்டி இல்ல" 10, கண்டுபிடிச்சா என்ன நடக்கும் 10, சீட்டு எழுத 5. மீதி கேள்விக்கு. கேள்வியை வாயால கேட்கச் சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டா. காகிதத்துல எழுதிப் பெட்டில போடச் சொல்லுங்க.

மாதிரியில எல்லா கட்டியும் ஒரே ஆழத்துல இருந்தா வாங்காதீங்க. மேலோட்டமா ஒண்ணு, விலாவை ஒட்டி ஒண்ணு இருக்கணும். ஆழத்துல இருக்கறது கிடைக்காம தவிக்கும்போதுதான் மூணாவது அழுத்தம் எதுக்குன்னு கைக்கே புரியும். அப்புறம் கட்டியே வைக்காத மாதிரி ஒண்ணையும் நடுவுல சேர்த்து விடுங்க, சொல்லாம.

அளவுகோல் எழுதியது:

அந்தக் கட்டியில்லாத மாதிரி அருமை, என் இரண்டாவது எண் அதிலேயே வந்துவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கேள்வித்தாளில் பெயர், பதிவெண் கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் "செய்கிறேன்" என்றுதான் எழுதுவார்கள். 3 மாதம் கழித்து வரும் தாளை முதல் தாளோடு இணைக்க ஒரு குறி போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் இரண்டு இலக்கம், கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். "க-17-42" என்று எழுதியவளை யாருக்கும் தெரியாது, ஆனால் மறுபடி அவளே அதை எழுதுவாள்.